ஏழு டிகிரி

பேரீச்சம்பழத்தைச் சமைக்கிற வெயில் என்று எங்கள் பஸ்ராவில் ஆகஸ்டைச் சொல்வார்கள். அந்த வருடம் அது பழத்தோடு நிற்கவில்லை. நிழலில் ஐம்பது டிகிரி, கடல் பக்கமிருந்து ஷர்ஜிக் காற்று. காற்று என்பது பேர்தான். நனைத்த கம்பளியால் முகத்தை மூடியது போலிருக்கும். குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. அதைக் குடித்து வயிறு கெட்டவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்தார்கள். கரண்ட் வந்தால் நாலு மணி நேரம், போனால் எட்டு மணி நேரம். கோபம் வந்த பையன்கள் சாலையில் டயர் கொளுத்தினார்கள். கடைத்தெரு பாதி நாள் அடைத்துக் கிடந்தது.

அப்படி ஒரு காலையில் ஹம்தான் பட்டறைப் பகுதியில் இருக்கும் என் கார் ஏசிக் கடைக்கு அபு நிப்ராஸ் வந்தான். மிஸ்ஹர் என்பது அவன் பெயர். மகன் நிப்ராஸ் பிறந்ததிலிருந்து ஊருக்கு அவன் அபு நிப்ராஸ், நிப்ராஸின் அப்பா. மகன் இப்போது ஸ்வீடனில் பேருந்து ஓட்டுகிறான்.

"உஸ்தா லஃப்தா, வண்டிக்கு ஏசி போடணும்," என்றான். மெக்கானிக்கை எங்கள் ஊரில் உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எந்த வண்டிக்கு?"

"எங்கிட்ட என்ன பத்து வண்டியா நிக்குது?"

நான் சிரித்துவிட்டேன். அவனிடம் இருந்தது எழுபத்தேழாம் வருடத்து டட்சன் இசட். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, தங்க நிறம். வாலிபனாக இருந்தபோது அதை ஓட்டிப்போனால் அஷார் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் என்பான். நான் பார்த்த காலம் முழுக்க அது அவன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்குள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் இஞ்சினைக் கிளப்பிக் கேட்டுவிட்டு மறுபடி மூடிவிடுவான்.

"அதுக்குள்ள கோழி முட்டை போட்டிருக்கும்யா."

"போட்டிருந்தா உனக்கு ஆம்லெட். வா."

"என் பிக்அப்புக்கே ஏசி இல்ல. நாப்பது வருஷமா ஊருக்கு கேஸ் அடிக்கிறேன், நான் போறது ஜன்னலைத் திறந்துக்கிட்டு. உனக்குக் காட்சிக்கு வச்ச காருல குளிர் கேக்குதா?"

அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த தொப்பியைப் பிசைந்தான். "எனக்கில்ல. ஸபீஹாவுக்கு," என்றான்.

அவன் மனைவி ஸபீஹாவுக்கு ஏழு வருடமாக நரம்பு நோய். உடம்பு சூடேறினால் கால் மரக்கும், கண் மங்கும், நாக்கு குழறும். உடம்பு குளிர்ந்தால் எல்லாம் திரும்பிவரும். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் போனதில் கொஞ்சம் திரும்பாமலே நின்றுவிடும். குளிர்ச்சியாக வைத்திருங்கள், இந்தக் கோடை தாண்டினால் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதை வைத்துக் குளிர்விப்பது என்று அவர் சொல்லவில்லை. தெரு ஜெனரேட்டர்காரன் வீட்டுக்கு நாலு ஆம்பியர்தான் கொடுத்தான். மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஓடும், அவ்வளவுதான். கூடக் கேட்டால் இயந்திரம் தாங்காது என்றான். இவன் சொந்தமாக ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி ஏசியை மாட்டினான். மூன்றாம் நாள் அது புகைந்துவிட்டது. பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் ஒருநாள் அவளைத் தன் வண்டியில் உட்காரவைத்தார். மறுநாள் அவர் பிழைப்புக்குப் போகவேண்டாமா?

"வண்டி நம்மளது. முற்றத்துல நிக்குது. இஞ்சின் ஓடுது. குளிர் மட்டும் வந்துட்டா அவ பகல் பூரா அதுல உக்காந்துக்குவா. நீ முடியாதுன்னு மட்டும் சொல்லாத கண்ணு."

முடியாது என்று சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி, பாதம் இரண்டும் தண்ணீர்த் தட்டில். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிடப் பார்த்தாள், விரல் பிடி கொடுக்கவில்லை. "வா... ண்ணே," என்றாள். அந்த இரண்டு சொல்லை ஒரு மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே வைத்தாள். இவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். தெருமுனையில் பேசினால் பாலத்தில் கேட்கும்.

"ஸபீஹா, உஸ்தா வந்துட்டாரு. பத்து நாளுல நம்ம வண்டி அலாஸ்கா மாதிரி ஆயிடும்," என்றான் அபு நிப்ராஸ்.

அவள் அவனையே பார்த்தாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த வண்டியில் அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கை ரொம்பத் தாழ்வு, இடுப்பு வலிக்கும், அபாயா அங்கி கதவில் மாட்டும் என்று ஒவ்வொரு காரணம் சொல்வாள். தொண்ணூறாம் வருடம் எங்கள் பட்டாளம் குவைத்துக்குள் போனதும், திரும்பும்போது எத்தனை வண்டிகள் கூட வந்தன என்பதும் ஊருக்குத் தெரிந்த கதை. டட்சனை எண்பத்தெட்டிலேயே ஊரைவிட்டுப் போன ஒரு பேரீச்சை வியாபாரியிடம் வாங்கினேன் என்று இவன் சொல்லிவந்தான். கல்யாணம் தொண்ணூற்று மூன்றில்.

"சத்தியமா... அது நம்மளதுதானே?" என்று கேட்டாள்.

"அல்லாஹ் மேல ஆணை. எத்தனை தடவ சொல்றது?"

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள்.

எங்கள் பக்கத்தில் அல்லாஹ் மேல் நாளுக்கு நூறு ஆணை இடுவோம், தக்காளி விலைக்குக்கூட. அவன் பொறுமைக்காரன், மன்னிப்பான். ஆனால் கர்பலாப் போரில் இரு கையும் வெட்டுண்டு விழுந்த தியாகி அப்பாஸ் மேல் பொய் ஆணை இட எவனும் துணியமாட்டான். அவருக்குச் சூட்டுத்தலைக்காரர் என்றே பெயர், நின்ற இடத்தில் அடித்துவிடுவார். பெரிய வழக்கெல்லாம் கடைசியில் அவர் வாசலில்தான் தீரும். அன்றைக்கு அவள் அப்பாஸ் மேல் ஆணை கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன், நமக்கென்ன என்று விட்டேன்.

வேலையைத் தொடங்கினேன். பழைய கம்ப்ரசர் இறுகிக் கல்லாகியிருந்தது. ரப்பர் குழாய்களைத் தொட்டால் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தன. அந்தக் காலத்து கேஸ் இப்போது கிடைக்காது. இப்போதைய கேஸ் பழைய எண்ணெயோடு ஒத்துப்போகாது. எல்லாக் குழாயையும் கழுவி ஒரு சொட்டு பழைய எண்ணெய் இல்லாமல் எடுக்கவேண்டும். கொரியப் பிக்அப் ஒன்றின் கம்ப்ரசரைக் கொண்டுவந்தேன். அதை டட்சன் இஞ்சினில் உட்காரவைக்கத் தாங்கி வேண்டுமே? லேத் பட்டறை ஷினாவாவிடம் அட்டையில் வெட்டி அளவு கொடுத்தேன்.

"கிழவிக்கு வாலிபப் பிள்ளையைக் கட்டி வைக்கிறீங்களா உஸ்தா?" என்றான்.

"நீ தாலிய ஒழுங்காச் செஞ்சு கொடு. பெல்ட் நேர்கோட்டுல ஓடலைன்னா உன் கழுத்துலதான் மாட்டுவேன்."

அபு நிப்ராஸ் பகலெல்லாம் என்கூட நின்றான். ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுப்பான், நடுவில் ஓடிப்போய் அவள் துணியை நனைத்துப் போட்டுவிட்டு வருவான். மத்தியானம் வெண்டைக்காய்க் குழம்பும் சோறும் அவனே சமைத்தான். குழம்பு உப்பாக இருந்தது. குழாய்த் தண்ணீரோ அவன் கையோ, நான் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அவள் ஏதோ சொல்வாள், நமக்குப் புரியாது. அவனுக்கு மட்டும் புரியும்.

ஐந்தாம் நாள் டாஷ்போர்டைக் கழற்றினேன். அதற்குப் பின்னால்தான் கூலிங் காயில் இருக்கிறது. காயில் முழுக்கப் புழுதி, ஒரு காய்ந்த பல்லி. அதன் அடியில் ஒரு காசு. துடைத்துப் பார்த்தேன். பாய்மரக் கப்பல் போட்ட குவைத் காசு. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் முடியில் குத்துகிற கிளிப், சிவப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு செர்ரிப் பழம். கண்ணாடிக்கு அடியில் காற்று வரும் நீளமான இடுக்கு இருக்கிறதே, டாஷ்போர்டு மேல் வைக்கிற சாமானெல்லாம் அதன் வழியாக உள்ளே விழுந்துவிடும். எல்லா வண்டியிலும் நடப்பதுதான்.

உள்ளங்கையில் வைத்து அவனிடம் நீட்டினேன். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"சத்தம் போடாத," என்றான். வாசல் பக்கம் பார்த்தான். "தொண்ணூறு அக்டோபர் மாசம். குவைத்துல, ஜஹ்ராவுல பட்டாளத்து லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். இந்த வண்டி ஒரு வீட்டு முன்னால நின்னுச்சு. கதவு திறந்து கிடந்துச்சு, சாவி உள்ள. வீட்டுல ஆள் இல்ல. நான் எடுக்கலைன்னா பின்னால வர்றவன் எடுப்பான். எல்லாரும் எடுத்தாங்க உஸ்தா. ஒருத்தன் தெருவிளக்கைக் கழட்டிக்கிட்டு வந்தான்."

"தெருவிளக்கு மேல எவன் பொண்டாட்டியும் உக்காந்து தொழப்போறதில்ல."

பறித்த இடத்தில் நின்று தொழுதால் தொழுகை செல்லாது. இது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸபீஹா ஒரு வேளை தொழுகையை விட்டவளில்லை. கால் போனபிறகு உட்கார்ந்து தொழுதாள், கை போகும்போது கண்ணால் தொழுதாள்.

"அவ செத்துக்கிட்டிருக்கா," என்றான். "என் கண்ணு முன்னால ஒவ்வொரு சொல்லா செத்துக்கிட்டிருக்கா. பாவத்தை நான் சுமந்துக்கிறேன், குளிர் மட்டும் அவளுக்கு வரட்டும். உனக்கு என்ன போச்சு?"

காசையும் கிளிப்பையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். அவற்றை ஷத் ஆற்றில் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னான்.

அன்று சாயங்காலம் கைகழுவ உள்ளே போனபோது அவள் கேட்டாள். கரண்ட் வந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது, பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"எல்லாத்தையும் பிரிச்சீங்களாமே அண்ணே. உள்ள என்ன இருந்துச்சு?"

"புழுதி, தங்கச்சி. ஒரு பல்லி."

"வேற?"

"பல்லியோட அப்பன் பேரு எழுதியிருந்துச்சு. நான் படிக்கல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன்.

டாஷ்போர்டை மறுபடி மாட்டுமுன் காற்றுக்குழல்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஓட்டுபவருக்கு அடுத்த இருக்கைப் பக்கத்துக் கீழ்க்குழலை மட்டும் கழற்றவில்லை. நாற்பது வருட பிளாஸ்டிக், தொட்டால் நொறுங்கும். வேறு குழல் எங்கே கிடைக்கும்? வெளியிலிருந்தே ஊதிச் சுத்தம் செய்துவிட்டேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன். பம்பை மாட்டி உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சவிட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று ஒரு பகல் காத்திருந்தேன். நின்றது. கேஸ் ஏற்றினேன். நின்றபடியே ஓடினால் இஞ்சின் கொதிக்கும் என்று முன்னால் இரண்டு மின்விசிறி கட்டினேன். புகை தேங்காமலிருக்க முற்றத்துக் கதவைக் கழற்றியே வைக்கச் சொன்னேன்.

பதினோராம் நாள் காற்றுவாயில் தெர்மாமீட்டரைச் செருகினேன். முப்பது, இருபத்திரண்டு, பதினைந்து, ஒன்பது, ஏழு. வெளியே ஐம்பத்தொன்று. அபு நிப்ராஸ் கையை அந்தக் காற்றில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

அவளைத் தூக்கிவந்து முன்னிருக்கையைச் சாய்த்துப் படுக்கவைத்தோம். நான் கதவைச் சாத்தினேன். அரை மணி கழித்துக் கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினான்.

"தேத்தண்ணி எங்க? எலுமிச்சங்காய் ரெண்டு போடுங்க. நேத்து போட்டது கழனித் தண்ணி," என்றாள். ஒரு எழுத்து குழறவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அந்த வீட்டில் பண்டிகை. காலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். ஏறவும் இறங்கவும் ஆரம்பத்தில் தூக்கினோம். ஐந்தாம் நாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருப் பெண்கள் வந்து பின்னிருக்கையில் இடுங்கி உட்கார்ந்து வம்பு பேசினார்கள். டாக்சிக்காரர் பிள்ளைக்கு அங்கேயே வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஒரு சாயங்காலம் அபு நிப்ராஸ் அவளை ஷத் ஆற்றங்கரை வரைக்கும் ஓட்டிப்போனான். "என் புருஷன் என்னைக் கடத்திக்கிட்டுப் போனாரு அண்ணே. ஐம்பத்தாறு வயசுல," என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். தொழுகை நேரம் வந்தால், நெற்றி வைத்துத் தொழுகிற மண்வில்லையை டாஷ்போர்டு மேல் வைத்து, உட்கார்ந்தபடி தொழுவாள். அப்போது அபு நிப்ராஸ் எழுந்து வெயிலுக்குள் போய்விடுவான். வாளித் தண்ணீரை எடுத்து வண்டி மூக்கில் ஊற்றிக்கொண்டே இருப்பான், குளிர் கூடுமென்று.

பத்தாம் நாள் மத்தியானம் நான் பெல்ட்டைப் பார்க்கப் போயிருந்தேன். வெயில் அன்றைக்கு உச்சம். காற்றைக் கூட்டிவைக்கச் சொன்னாள். அவன் கடைசி அளவுக்குத் திருகிவிட்டு, கீழ்க்காற்று காலுக்கு வரட்டுமென்று அவள் பக்கத்துத் திறப்பை இழுத்துவிட்டான். நான் கழற்றாத குழல் அதுதான். உள்ளே ஏதோ படபடவென்று அடித்தது. பிறகு சுருண்ட காகிதம் ஒன்று பறந்துவந்து அவள் மடியில் விழுந்தது.

அவள் விரித்தாள். ஊதா மையில் அச்சடித்த கடை ரசீது. கணக்கு டீச்சர் இல்லையா, மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படித்தாள்.

"குழந்தைப் பால்மாவு ரெண்டு. பிஸ்கட் ஒண்ணு. பன்னீர் ஒண்ணு. குடும்ப எண் ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினேழு. ஜஹ்ரா கூட்டுறவுக் கடை." நிறுத்தினாள். "இருபத்தொம்பது, ஏழு, தொண்ணூறு."

மின்விசிறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"எண்பத்தெட்டுல வாங்கினதாச் சொன்னீங்க."

"ஸபீஹா, அது... வியாபாரி அங்க போய்வந்து..."

"இந்தப் பால்மாவை யாரு குடிச்சா?"

"எனக்கென்ன தெரியும்? அல்லாஹ் மேல ஆணை, நான்..."

"அல்லாஹ் வேணாம்." குரல் உயரவில்லை. "அப்பாஸ் மேல சொல்லு. இந்த வண்டி என்னோடதுன்னு அப்பாஸ் மேல கைவச்சுச் சொல்லு, நான் இங்கயே உக்காந்திருக்கேன். சாகுறவரைக்கும் உக்காந்திருக்கேன்."

அவன் வாயைத் திறந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு பாவி, சொல்லிவிடு, என்ன அடித்துவிடப்போகிறார் என்று நானே உள்ளுக்குள் கத்தினேன். அவன் உதடு 'அ' என்று விரிந்தது. அப்படியே நின்றுபோயிற்று.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பல்லி மட்டும்தானா அண்ணே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கதவைத் திறந்தாள். பிடிக்கப் போனவனை, "தொடாத," என்றாள். மண்வில்லையை எடுத்து முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள். எழுந்து நின்றாள். ஒன்பது நாள் குளிர் அவள் காலுக்குத் திருப்பிக் கொடுத்த பலம் எல்லாம் அப்போது அவளிடம் இருந்தது. முற்றத்தில் வெயில் வெள்ளையாய்க் கொட்டியது. அதற்குள் நடந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் பதினான்கு அடி, நான் எண்ணினேன். அவள் தன் காலில் நடந்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

கட்டிலில் விழுந்த மூன்றாம் நாள் இடது கால் முழுதும் போயிற்று. ஐந்தாம் நாள் கண். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வராந்தாவில் வீட்டைவிட வெக்கை, மறுநாளே திரும்பினோம். ஸ்வீடனிலிருந்து மகன் போனில் அழுதான், அவள் போனைத் தன்னிடம் தரச் சொல்லவில்லை. வண்டிக்குள் தொழுத ஒன்பது நாள் தொழுகையையும் மறுபடி தொழத் தொடங்கியிருந்தாள். அடுத்த அறையில் உட்கார்ந்தால் கேட்கும். நாக்கு குழறிக் குழறி ஓதுவாள். எத்தனையாவது என்று எண்ணிக்கை தவறிவிடும். நூறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், விரல் மடக்கத் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிவாசல் ஷேக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. அவர் யோசித்துவிட்டு, "பறிச்ச பொருள்னு தெரியாமத் தொழுதிருந்தா அந்தத் தொழுகை செல்லும். திரும்பத் தொழ வேண்டியதில்ல. அந்தம்மாவை ஓய்வெடுக்கச் சொல்லு. வண்டிக்காரன் பாவம் வண்டிக்காரனோட," என்றார். எனக்குப் பறக்காத குறை. அவளை மறுபடி வண்டியில் ஏற்ற முடியாது என்று தெரியும். இந்தப் பாரத்தையாவது இறக்கிவிடலாமே என்றுதான் ஓடினேன்.

கட்டிலருகே குனிந்து சொன்னேன். "தங்கச்சி, ஷேக் சொல்லிட்டாரு. தெரியாமத் தொழுதது செல்லுமாம். நீ நிறுத்திக்கலாம்."

அவள் கண் என்னைத் தேடியது. நான் இருந்த திசைக்குச் சற்று விலகியே நின்றது. சொல் சொல்லாகத் தூக்கிவைத்தாள். நான் காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டேன்.

"அது... தெரியாதவளுக்கு... அண்ணே."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"எனக்குத் தெரியும். இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும். தெரியாமலா... அப்பாஸைக் கேக்காம இருந்தேன்? இந்தத் தடவ... குளிருக்கு... ஆசைப்பட்டுட்டேன்."

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, விட்ட இடம் தெரியாமல், முதலிலிருந்து ஓதத் தொடங்கினாள்.

வெளியே வந்தேன். முற்றத்தில் டட்சன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கதவு அகலத் திறந்திருந்தது. அபு நிப்ராஸ் தினமும் காலையில் வண்டியைக் கிளப்பி, குளிரவைத்து, அந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். பெட்ரோல் தீர்ந்தால் போய் வாங்கிவருவான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. என் முகத்திலேயே படித்திருப்பான்.

"உஸ்தா," என்றான். "குளிர் கொறைஞ்சிருச்சோ? அதான் வரமாட்டேங்கிறாளோ என்னமோ. கொஞ்சம் பாரேன்."

நான் குனிந்து காற்றுவாயில் கையை வைத்தேன். தெர்மாமீட்டர் அங்கேயே செருகியிருந்தது.

"இல்லய்யா. நல்லாத்தான் இருக்கு," என்றேன். "ஏழு டிகிரி."